வீடு விற்பவர்கள், கடை வாடகைக்கு விடுபவர்கள் கவனத்துக்கு... பட்ஜெட் மாற்றங்களில் யாருக்கு லாபம், யாருக்குச் சுமை?

2025 பிப்ரவரி பட்ஜெட் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, `12 லட்சம் வரை வருமான வரி இல்லை' என்ற அறிவிப்புதான். சம்பளக்காரர்கள் கொண்டாடித் தீர்த்த அறிவிப்பு அது. ஆனால், சொந்தமாகத் தொழில் செய்பவர்கள், வீட்டையோ கடையையோ வாடகைக்கு விட்டிருப்பவர்கள், மகள் கல்யாணத்துக்காக மனையை விற்கலாம் என்று நினைப்பவர்கள் ஆகியோர் கவனிக்க வேண்டிய விஷயங்கள் தலைப்புச் செய்திகளில் வரவே இல்லை. 2024 ஜூலை, 2025 பிப்ரவரி என அடுத்தடுத்து வந்த இரண்டு பட்ஜெட்களிலும் அவை பொடி எழுத்துகளில் இருக்கின்றன.

உங்கள் பாக்கெட்டைத் தொடும் முக்கியமான மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சொத்தை விற்கிறீர்களா... இரண்டு கணக்கு போடுங்கள்!

வீடு, மனை, கடை போன்றவற்றை வாங்கி 24 மாதங்களுக்குப் பிறகு விற்றால், கிடைக்கும் லாபம் நீண்டகால மூலதன ஆதாயம். முன்பு இதற்கு 20% வரி. ஆனால், வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடும் `இண்டெக்சேஷன்' சலுகை இருந்தது. 2024 ஜூலை 23 அன்று தாக்கலான பட்ஜெட், வரியை 12.5% ஆகக் குறைத்துவிட்டு, இண்டெக்சேஷனை எடுத்துவிட்டது.

`வரியைக் குறைத்தது போல் குறைத்து, அதிகம் வாங்குகிறார்களே' என்று எதிர்ப்பு கிளம்ப, ஆகஸ்ட் மாதமே நிதி மசோதாவில் திருத்தம் வந்தது. அதன்படி, 2024 ஜூலை 23-க்கு முன்பு வாங்கிய நிலம், கட்டடத்துக்கு இரண்டு முறையிலும் கணக்குப் போட்டு, எது குறைவோ அதைக் கட்டினால் போதும்.

ஓர் உதாரணம் பார்க்கலாம். 2010-11 நிதியாண்டில் 20 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய வீட்டை 2025-26 நிதியாண்டில் விற்கிறீர்கள். அப்போதைய பணவீக்கக் குறியீடு 167, இப்போது 376. எனவே, 20 லட்சம் என்பது இண்டெக்சேஷனுக்குப் பிறகு சுமார் 45.03 லட்சம் ஆகிறது.

* 60 லட்சத்துக்கு விற்றால்: புதிய முறையில் லாபம் 40 லட்சம், வரி 5 லட்சம். பழைய முறையில் லாபம் சுமார் 14.97 லட்சம், வரி சுமார் 2.99 லட்சம். பழைய முறையில் 2 லட்சம் ரூபாய் மிச்சம்.

* 1 கோடிக்கு விற்றால்: புதிய முறையில் லாபம் 80 லட்சம், வரி 10 லட்சம். பழைய முறையில் லாபம் சுமார் 54.97 லட்சம், வரி சுமார் 10.99 லட்சம். இங்கே புதிய முறைதான் லாபம்.

அதே வீடு, அதே ஆண்டுகள். விற்கும் விலை மாறினால் முடிவும் மாறுகிறது. இந்த உதாரணத்தில் சுமார் 87 லட்சம்தான் எல்லைக்கோடு. அதற்குக் கீழே விற்றால் பழைய முறை, மேலே விற்றால் புதிய முறை நல்லது (4% செஸ் தனி). விலை அதிகம் ஏறாத ஊர்களில் மனை வைத்திருப்பவர்களுக்கு இண்டெக்சேஷன்தான் பெரும்பாலும் கைகொடுக்கும்.

யாருக்கு இந்தச் சாய்ஸ் இல்லை?

இங்கேதான் தொழில் செய்பவர்கள் உஷாராக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்யும் வசதி, இந்தியாவில் வசிக்கும் தனிநபர்களுக்கும் இந்துக் கூட்டுக் குடும்பங்களுக்கும் மட்டும்தான். கடையோ, குடோனோ பார்ட்னர்ஷிப் நிறுவனத்தின் பெயரிலோ, கம்பெனியின் பெயரிலோ இருந்தால் 12.5% மட்டுமே. இண்டெக்சேஷன் கிடையாது. வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கும் இதே நிலைதான். துபாயிலோ, சிங்கப்பூரிலோ சம்பாதித்து ஊரில் மனை வாங்கிப் போட்டவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு விலை பேச வேண்டும்.

இன்னொரு விஷயம். தொழில் கணக்கில் ஆண்டுதோறும் தேய்மானம் கழித்துவந்த கட்டடத்தை விற்றால், எத்தனை ஆண்டுகள் வைத்திருந்தாலும் அந்த லாபம் குறுகியகால ஆதாயமாகவே கணக்கிடப்படும்.

பூர்வீகச் சொத்தாக இருந்தால்?

அப்பாவோ, தாத்தாவோ வாங்கிய சொத்து உங்களுக்கு வந்திருந்தால், அவர் வாங்கிய விலைதான் உங்கள் அடக்க விலை. 2001 ஏப்ரல் 1-க்கு முன்பு வாங்கியது என்றால், அந்தத் தேதியில் இருந்த சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். ஆனால், அது அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. அதனால் 2001-ம் ஆண்டின் வழிகாட்டி மதிப்பைத் தெரிந்துகொண்ட பிறகு கணக்கைத் தொடங்குங்கள்.

பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டினால் வரி குறையும் என்று நினைக்காதீர்கள். வழிகாட்டி மதிப்பு, பத்திரத்தில் காட்டிய விலையைவிட 10 சதவிகிதத்துக்கு மேல் அதிகமாக இருந்தால், வழிகாட்டி மதிப்பையே விற்பனை விலையாக எடுத்து வரி போடுவார்கள்.

12 லட்சம் சலுகையில் ஒரு கொக்கி

`என் வருமானம் 12 லட்சத்துக்குள்தானே, மனை விற்ற லாபத்துக்கும் வரி வராதே?' என்று பலர் நினைக்கிறார்கள். வரும். 12 லட்சம் வரை வரி இல்லை என்பது தள்ளுபடி மூலம் கிடைக்கும் சலுகை. மூலதன ஆதாயம் போன்ற தனி விகித வருமானத்துக்கு அந்தத் தள்ளுபடி பொருந்தாது.

அதைவிட முக்கியம், மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டினால் தள்ளுபடியே போய்விடும். மளிகைக் கடையில் ஆண்டு வருமானம் 8 லட்சம், அதே ஆண்டில் மனை விற்ற லாபம் 10 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 18 லட்சம் ஆகிவிடுவதால், மற்ற ஆண்டுகளில் வரியே கட்டாத அந்த 8 லட்சத்துக்கும் புதிய முறைப்படி 20,000 ரூபாய் வரி வரும். மனை லாபத்துக்கு 12.5% கணக்கில் 1.25 லட்சம் தனி.

வீடு விற்ற லாபத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வேறு வீடு வாங்கினாலோ, மூன்று ஆண்டுகளுக்குள் கட்டினாலோ அந்த அளவுக்கு வரி விலக்கு உண்டு. அல்லது, ஆறு மாதங்களுக்குள் குறிப்பிட்ட அரசு நிறுவன பாண்டுகளில் 50 லட்சம் வரை முதலீடு செய்யலாம். மனையை விற்றவர்களுக்கும் வீடு வாங்கினால் விலக்கு உண்டு. ஆனால், லாபத்தை மட்டுமல்ல, விற்று வந்த முழுத் தொகையையும் முதலீடு செய்தால்தான் முழு விலக்கு.

வாடகை... டி.டி.எஸ்ஸில் நிம்மதி, ஜி.எஸ்.டி-யில் தலைவலி

கடை, ஆபீஸ் வாடகைக்கான டி.டி.எஸ் வரம்பு முன்பு ஆண்டுக்கு 2.4 லட்சம். 2025 ஏப்ரல் 1 முதல் மாதம் 50,000 ரூபாய். மாதம் 30,000 வாடகை வாங்கும் ஒரு கட்டட உரிமையாளரிடம் ஆண்டுக்கு 36,000 ரூபாய் பிடித்துக்கொண்டிருந்த நிறுவனம், இனி பிடிக்கத் தேவையில்லை. ரீஃபண்டுக்காகக் காத்திருக்கும் முதியவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால், டி.டி.எஸ் பிடிக்கவில்லை என்பதற்காக வாடகை வருமானத்தைக் கணக்கில் காட்டாமல் விட்டுவிடக் கூடாது.

வீட்டுக்கு மாதம் 50,000 ரூபாய்க்கு மேல் வாடகை கொடுக்கும் தனிநபர்கள் பிடிக்க வேண்டிய டி.டி.எஸ்ஸும் 2024 அக்டோபர் முதல் 5 சதவிகிதத்திலிருந்து 2 ஆகக் குறைந்திருக்கிறது.

தலைவலி, ஜி.எஸ்.டி பக்கமிருந்து வந்தது. இது பட்ஜெட் அறிவிப்பு அல்ல, ஜி.எஸ்.டி கவுன்சிலின் முடிவு. கட்டட உரிமையாளர் ஜி.எஸ்.டி பதிவு பெறாதவராகவும், கடை நடத்துபவர் பதிவு பெற்றவராகவும் இருந்தால், 2024 அக்டோபர் 10 முதல் வாடகைக்கான 18% வரியைக் கடைக்காரரே நேரடியாகச் செலுத்த வேண்டும். `அண்ணாச்சி, வாடகையில் இதைக் கழிச்சுக்கலாமா?' என்று வாடகைதாரர் கேட்பதும், `அது உங்க வரி, எனக்கென்ன?' என்று உரிமையாளர் சொல்வதும் பல கடைத்தெருக்களில் நடக்கிற பேச்சு. சட்டப்படி, கட்ட வேண்டியவர் வாடகைதாரர்தான். அவர் வழக்கமான ஜி.எஸ்.டி முறையில் இருந்தால், கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருந்த சிறு வியாபாரிகளுக்கு அந்த வழியில்லாமல் முழுச் சுமையாக இருந்தது. 2025 ஜனவரியில் அவர்களுக்கு இதிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டார்கள்.

இரண்டாவது வீடு வைத்திருப்பவர்களுக்கு...

சென்னையில் ஒன்று, சொந்த ஊரில் ஒன்று என இரண்டு வீடுகள் இருந்தால், இரண்டையும் சொந்த உபயோகம் என்று எந்த நிபந்தனையும் இல்லாமல் காட்டலாம். மூன்றாவது வீடு பூட்டிக் கிடந்தாலும், அதற்கு ஓர் உத்தேச வாடகை கணக்கிட்டு வரி கட்ட வேண்டும்.

வீட்டு வாடகையைத் தொழில் வருமானமாகக் காட்டி, பெயின்ட் செலவு, வாட்ச்மேன் சம்பளம் என்று கழித்துக்கொள்ளும் வழியும் அடைபட்டுவிட்டது. குடியிருப்பு வாடகையை `வீட்டுச் சொத்து வருமானம்' என்றுதான் காட்ட வேண்டும். அதில் பராமரிப்புக்காக 30% நிலையான கழிவு கிடைக்கும்.

பார்ட்னர்ஷிப் நிறுவனங்களுக்குப் புது வேலை

அண்ணன் தம்பிகள், மாமன் மச்சான்கள் சேர்ந்து நடத்தும் பார்ட்னர்ஷிப் நிறுவனங்கள் நம் ஊர்களில் ஏராளம். 2025 ஏப்ரல் 1 முதல், பார்ட்னருக்குக் கொடுக்கும் சம்பளம், வட்டி, கமிஷன் ஆகியவை ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால், 10% டி.டி.எஸ் பிடிக்க வேண்டும். பணமாகக் கொடுக்காமல் கணக்கில் வரவு வைத்தாலும் பிடிக்க வேண்டும். `மார்ச் 31-ல் எழுதிக்கொள்ளலாம்' என்று விட்டுவைப்பவர்கள், ஏப்ரல் 30-க்குள் அந்த வரியைச் செலுத்தவும் தயாராக இருக்க வேண்டும். பிடிக்காமல் விட்டால் மாதம் 1%, பிடித்துவிட்டுக் கட்டாமல் இருந்தால் மாதம் 1.5% வட்டி.

இதற்கு ஈடாகக் கிடைத்த ஆறுதல், பார்ட்னர் சம்பளத்துக்கான உச்சவரம்பு உயர்ந்திருப்பதுதான். லாபத்தில் முதல் 6 லட்சத்துக்கு 3 லட்சம் அல்லது 90% (எது அதிகமோ அது), மீதிக்கு 60% வரை செலவாகக் காட்டலாம்.

சிறு நிறுவனத்துக்கான விற்றுமுதல் வரம்பும் 50 கோடியிலிருந்து 100 கோடியாக உயர்ந்துள்ளது. உங்களுக்குச் சரக்கு கொடுக்கும் உற்பத்தியாளர் இந்த வரம்புக்குள் பதிவு பெற்றிருந்தால், ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள்களிலும், இல்லையென்றால் 15 நாள்களிலும் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். தாமதமானால், பணம் கொடுக்கும் ஆண்டில்தான் அதைச் செலவாகக் கழிக்க முடியும்.

இப்போது என்ன செய்யலாம்?

* சொத்து விற்கும் முன்பே இரண்டு முறையிலும் வரியைக் கணக்கிட்டுப் பாருங்கள். அட்வான்ஸ் வாங்கிய பிறகு அல்ல.

* வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது ஜி.எஸ்.டி யார் பொறுப்பு என்பதை ஒரு வரி எழுதிவிடுங்கள். பிற்காலச் சண்டை மிச்சம்.

* பார்ட்னர்ஷிப் நிறுவனத்துக்கு டான் எண் இல்லையென்றால் உடனே விண்ணப்பியுங்கள்.

* வீடு கட்டிய செலவு, பத்திரச் செலவு, விரிவாக்கச் செலவுக்கான ரசீதுகளைப் பத்திரத்தோடு சேர்த்தே வையுங்கள். லாபத்தைக் குறைத்துக் காட்ட இருக்கும் நேர்மையான ஆதாரம் அவைதான்.

2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறைக்கு வருகிறது. பிரிவு எண்கள் மாறும் என்பதால், விற்பனை, வாடகை தொடர்பான பெரிய முடிவு எதையும் எடுக்கும் முன்பு உங்கள் ஆடிட்டரிடம் ஒரு முறை பேசிவிடுங்கள். அவருக்குக் கொடுக்கும் கட்டணம், தவறான முறையில் கட்டும் 2 லட்சத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.