முன்சக்கரம் ஏன் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கருத்தரங்கு தொடங்குவதற்கு முன்பே லெம்பா பெர்த்தாமிலிருந்து வந்திருக்கும் தம்பி ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டார். அவரிடம் பழைய புரோட்டோன் வீரா ஒன்று இருக்கிறது. செப்பாங்கில் நடந்த டிராக் பந்தயத்துக்கு அதைக் கொண்டு போயிருக்கிறார். பச்சை விளக்கு எரிந்ததும் முன்சக்கரங்கள் இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்றுகின்றனவாம். பக்கத்துக் கார் போயே போய்விடுகிறதாம். "ஸ்பிரிங்கை ஒரு சுற்று வெட்டினால் சரியாகிவிடும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். வெட்டலாமா ஐயா?" என்பதுதான் அவருடைய கேள்வி.

வெட்டக்கூடாது. காரணத்தை விளக்கத்தான் எனக்குக் கொடுத்த நேரம் முழுவதும் தேவைப்படும்.

டிராக் பந்தயம் என்பது நேர்கோட்டுப் பந்தயம். தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் கைவிடப்பட்ட விமான ஓடுபாதைகளில் வளர்ந்த விளையாட்டு இது. 1951ஆம் ஆண்டில் அங்கே இதற்கென்று தேசியச் சங்கமே அமைந்துவிட்டது. தமிழ்நாட்டிலும் போர்க்காலத்து ஓடுபாதையான சோழவரத்தில்தான் கார்ப் பந்தயங்கள் பல காலம் நடந்தன. பிறகு அவை இருங்காட்டுக்கோட்டைக்கு மாறின. நமக்குச் செப்பாங் தடம் 1999இல் வந்தது.

பந்தயம் 402 மீட்டர் என்றாலும் முதல் 18 மீட்டரிலேயே பாதிக் கதை முடிந்துவிடுகிறது. அதனால்தான் பந்தயச் சீட்டில் முதல் 60 அடிக்கான நேரத்தைத் தனியாக அச்சடித்துத் தருகிறார்கள். அங்கே இழந்த நேரத்தைப் பிறகு எவ்வளவு குதிரைத்திறன் இருந்தாலும் முழுதாக மீட்க முடியாது.

மேட்டில் படித்த பாடம்

நம் தம்பிக்குச் செப்பாங் போகாமலேயே இந்தப் பாடம் தெரியும். மழை பெய்த காலையில், தோட்டத்துச் செம்மண் பாதையில், மேட்டில் நிறுத்திய கன்ச்சிலையோ சாகாவையோ எடுத்துப் பாருங்கள். முன்சக்கரம் சேற்றைத் துப்பும், வண்டி நகராது. அனுபவப்பட்ட பெரியவர்கள் என்ன செய்வார்கள்? வண்டியைத் திருப்பி, ரிவர்ஸ் கியரில் ஏற்றிவிடுவார்கள். அதே டயர், அதே எஞ்சின், அதே மேடு. முன்னால் ஏறாத வண்டி பின்னால் ஏறுகிறது!

இதில் மாயம் எதுவுமில்லை. மேட்டில் வண்டியின் எடை கீழ்ப்பக்கத்துச் சக்கரங்களின் மேல் சாய்கிறது. முன்னோக்கி ஏறும்போது இழுக்க வேண்டிய முன்சக்கரம் இலேசாகிவிடும். பின்னோக்கி ஏறும்போது அதே சக்கரம் கீழே இருப்பதால் கனமாகிவிடும். கனம் கூடினால் பிடிப்பும் கூடும்.

டிராக் தடத்தில் தரை மட்டமாக இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். தரை மட்டம்தான். ஆனால் வண்டி வேகமெடுக்கும்போது, மேட்டில் நிற்பதைப் போலவே எடை பின்னால் போகிறது. எவ்வளவு போகிறது என்பதற்கு எளிய கணக்கு உண்டு. வண்டியின் எடையை, அது வேகமெடுக்கும் அளவால் பெருக்குங்கள். அதை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் பெருக்கி, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலுள்ள தூரத்தால் வகுங்கள்.

வீராவுக்கு அச்சுத் தூரம் 2.5 மீட்டர். எடை ஏறக்குறைய 1,000 கிலோ என்றும், ஈர்ப்பு மையம் அரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பில் பத்தில் நான்கு பங்கு வேகத்தில் அது கிளம்பினால், 80 கிலோ முன்னாலிருந்து பின்னால் போகிறது. நிற்கும்போது முன்சக்கரங்கள் 600 கிலோ சுமந்தன என்றால், கிளம்பும்போது 520 கிலோதான். இழுக்கிற சக்கரத்துக்குச் சுமை குறைகிறது. சும்மா வருகிற பின்சக்கரத்துக்குச் சுமை ஏறுகிறது. முன்சக்கர இழுவைக் கார்களின் தலையெழுத்து இது. நம் நாட்டுச் சாகா, வீரா, கன்ச்சில், மைவி எல்லாமே இந்த இனம்தான்.

அந்தக் கணக்கை இன்னொரு முறை பாருங்கள். அதில் ஸ்பிரிங் எங்கே வருகிறது? வரவே இல்லை! மெத்தென்ற ஸ்பிரிங் போட்டாலும் இரும்பு போன்ற ஸ்பிரிங் போட்டாலும், போகிற எடை ஏறக்குறைய அதேதான். பட்டறைப் பேச்சில் பெரும்பாலும் விட்டுப்போகிற செய்தி இது. சஸ்பென்ஷனால் எடையை உண்டாக்க முடியாது. அந்த எடை எவ்வளவு சீராகப் போகிறது, போகும்போது டயர் தரையில் ஒழுங்காகப் படிந்திருக்கிறதா என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது.

ஸ்பிரிங்கை வெட்டினால் வண்டி தாழும், ஈர்ப்பு மையமும் இறங்கும், அது உண்மைதான். 3 சென்டிமீட்டர் தாழ்ந்தால் லாபம் எவ்வளவு? 80 கிலோவில் ஏறக்குறைய 5 கிலோ. கடையில் வாங்குகிற சின்ன அரிசிப் பை ஒன்றின் கனம்! இதற்காகவா ஸ்பிரிங்கை வெட்டுவது?

அந்த 5 கிலோவை வேறு வழியில் வாங்கலாம். பின்பெட்டியில் பின் அச்சுக்கு அரை மீட்டர் பின்னால் உள்ள உபரிச் சக்கரம், ஜாக்கி, பெரிய ஒலிபெருக்கிப் பெட்டி எல்லாம் சேர்ந்து 35 கிலோ இருக்கும் என்று கொள்ளுங்கள். பின் அச்சுக்கு அப்பால் இருக்கிற சுமை வண்டியின் மூக்கைத் தூக்கும். அவற்றைப் பந்தயத்தின்போது இறக்கி வைத்தால், முன்சக்கரங்களுக்கு 7 கிலோ திரும்பி வரும். செலவு ஒரு காசு இல்லை. வீடு திரும்பும்போது உபரிச் சக்கரத்தை மறக்காமல் ஏற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அப்படியானால் எதைச் சரிசெய்வது?

முதலில் டயர். பிடிப்பு என்பது கடைசியில் உள்ளங்கை அளவுள்ள ரப்பரில்தான் இருக்கிறது. தேய்ந்த டயரை வைத்துக்கொண்டு அப்சோபருக்குச் செலவு செய்வது வீண். தடத்தில் மட்டும் முன் டயர் காற்றைச் சாலை அளவிலிருந்து 2 பி.எஸ்.ஐ., 2 பி.எஸ்.ஐ. ஆகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் 60 அடி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓர் இடத்தில் நேரம் குறைவது நின்றுவிடும். அதற்குக் கீழே போகாதீர்கள். சாதாரண ரேடியல் டயரில் காற்றை மேலும் இறக்கினால் பக்கச்சுவர் மடங்கி, வண்டி நேராகப் போகாது.

அடுத்து எஞ்சின் மவுண்டிங்கும் கீழ்க்கைகளின் ரப்பர் புஷ்களும். பழைய வண்டியில் இவைதான் பெரிய குற்றவாளிகள். கிளட்சை விட்டவுடன் எஞ்சின் பின்னால் சாயும், சக்கரம் ஒரு கணம் பிடிக்கும், பிறகு விடும், மறுபடி பிடிக்கும். வண்டி தடதடவென்று குதிக்கும். சக்கரம் குதிக்கத் தொடங்கிவிட்டால் அது பிடிப்பை மட்டுமல்ல, டிரைவ் ஷாஃப்டையும் கொண்டு போய்விடும். புதிய மவுண்டிங்கும் புதிய புஷ்ஷும் போட்ட பிறகுதான் சஸ்பென்ஷனைத் தொட வேண்டும்.

பிறகு அப்சோபர். முன்சக்கர இழுவைக் காரில் பின்பக்கம் உட்காரக்கூடாது. பின்பக்கம் உட்கார்ந்தால் மூக்கு எழும். மூக்கு எழுந்தால் முன்சக்கரங்களின் சாய்வும் திசையும் மாறி, டயர் முழு அகலத்துக்கும் தரையைத் தொடாது. ஆகவே பின் அப்சோபரை, அது அமுங்கும்போது எதிர்க்கும்படி இறுக்க வேண்டும். முன் அப்சோபரை, அது நீளும்போது எதிர்க்கும்படி ஓரளவு இறுக்க வேண்டும். ஓரளவு என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். அளவுக்கு மீறி இறுக்கினால் எழுகிற வண்டி சக்கரத்தையே தரையிலிருந்து தூக்கிக்கொண்டு போகும். திருகு வைத்த அப்சோபராக இருந்தால் இரண்டு சொடுக்கு, ஓர் ஓட்டம், ஒரு குறிப்பு என்று போகவேண்டும். ஒரே நேரத்தில் மூன்றை மாற்றிவிட்டு, எது வேலை செய்தது என்று தெரியாமல் தலையைச் சொறிகிறவர்கள்தான் அதிகம்.

தொழில்முறை முன்சக்கர டிராக் கார்களின் பின்னால் நீளமாக ஒரு கம்பி, அதன் முனையில் சிறு சக்கரங்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பின்பக்கம் அமுங்கும்போது அந்தக் கம்பி தரையில் ஊன்றிக்கொள்ளும். நம் கணக்கில் வகுக்கிற எண் அச்சுத் தூரம் அல்லவா? கம்பி ஊன்றியதும் அந்தத் தூரம் நீண்டுவிடுகிறது, பின்னால் போகிற எடை குறைகிறது. பந்தயத் தடத்துக்கு அது சரி. சாலைக்கு ஆகாது.

லேண்ட் ரோவர் வேறு சாதி

கேமரன் மலையில் இருந்துகொண்டு லேண்ட் ரோவரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா? காய்கறிக் கூடைகளோடு மேடேறும் அந்தப் பழைய வண்டிகளில் பின்சக்கரமும் இழுக்கிறது. அதற்குப் பின்னால் சாயும் எடை ஒரு வரம். பின்சக்கர இழுவைப் பந்தயக் காருக்கும் அப்படியே. அங்கே முன் அப்சோபரைத் தளர்த்தி, மூக்கைத் தாராளமாக எழ விடுவார்கள். முன்சக்கரக் காருக்குச் சொன்னதற்கு நேர் எதிர்! பின்சக்கரக் காருக்குப் பிறர் சொன்ன வைப்பை அப்படியே மைவிக்குப் போட்டு நேரத்தை இழந்தவர்கள் உண்டு.

அந்த லேண்ட் ரோவர்களின் பட்டை ஸ்பிரிங்கில் இன்னொரு வேடிக்கை நடக்கிறது. சக்கரம் முன்னால் சுழல, அச்சு எதிர்த்திசையில் முறுக்கிக்கொள்ளும். பட்டை வளைந்து, பிறகு விடுபட்டுத் திரும்பும்போது சக்கரம் குதிக்கும். பட்டை ஸ்பிரிங் வைத்த டிராக் கார்களில் இதைத் தடுக்கத்தான் தனிக் கம்பிகளைப் பூட்டுகிறார்கள்.

மறுநாள் காலை என்ன ஆகும்?

தம்பியின் கேள்வியில் இல்லாத ஒன்றையும் நான் சொல்லியாக வேண்டும். இந்தக் கார் செப்பாங்கில் குடியிருக்கவில்லை. ஞாயிறு பந்தயம் முடிந்து தாப்பா வழியாக மலையேறி லெம்பா பெர்த்தாம் வருகிறது. திங்கட்கிழமை காலையில் அதே கார் ரிங்லெட்டைத் தாண்டி 59ஆம் எண் கூட்டரசுச் சாலையில் தாப்பாவுக்கு இறங்குகிறது, பின்னிருக்கையில் அம்மாவோ தங்கையோ இருக்கலாம்.

இறக்கத்தில் பிரேக் மிதித்தால் எடை எங்கே போகும்? முன்னால். பின்பக்கம் இலேசாகிவிடும். அந்தப் பின்பக்கத்தைத்தான் நாம் இறுக்கி வைத்திருக்கிறோம். முன் டயரில் காற்றும் குறைவு. ஈரமான வளைவு, சாலையில் லோரி கொட்டிய மண், திடீரென்று எதிரே ஒரு பஸ். முன்பக்கம் சொன்ன பேச்சைக் கேட்காது, பின்பக்கம் வீசிக்கொண்டு போகும். தடத்தில் 0.2 வினாடி வாங்கித் தந்த அதே வைப்புதான் இங்கே பள்ளத்தைக் காட்டுகிறது.

வெட்டிய ஸ்பிரிங் இதைவிட மோசம். திருகைத் திருப்பிவிடலாம், காற்றை நிரப்பிவிடலாம், வெட்டிய சுற்றைத் திரும்ப ஒட்ட முடியாது. தீயால் வெட்டியிருந்தால் எஃகின் பதமும் கெட்டிருக்கும். குழியில் சக்கரம் இறங்கும்போது குட்டையான ஸ்பிரிங் தன் இருப்பிடத்தைவிட்டு நழுவலாம். மேட்டில் ஏறும்போது அப்சோபர் அடிமட்டத்தில் இடித்து, சக்கரம் தரையைவிட்டு எழும்பும். சாலைப் போக்குவரத்து இலாகா பிடித்து அபராதம் போடுவதைப் பற்றித்தான் இளைஞர்கள் கவலைப்படுகிறார்கள். எனக்கு வளைவைப் பற்றித்தான் கவலை.

பொதுச் சாலையில் பந்தயம் விடுவது 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். தம்பி தடத்துக்குப் போய் ஓடுகிறார், அதற்காக அவரைப் பாராட்டுகிறேன்.

நிறைவாக இன்னொரு நேயர், "கையில் 500 வெள்ளிதான் இருக்கிறது, எதில் தொடங்குவது?" என்று கேட்டார். நல்ல காற்றழுத்தமானி ஒன்று வாங்குங்கள். மீதியில் எஞ்சின் மவுண்டிங், புஷ் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் சாலைக்கான காற்றளவையும் அப்சோபர் சொடுக்கு எண்ணையும் முதல் பக்கத்தில் எழுதுங்கள். தடத்தைவிட்டு வெளியேறுவதற்கு முன், அந்தப் பக்கத்தில் உள்ளபடி எல்லாவற்றையும் திருப்பி வைத்துவிட்டு வண்டியை எடுங்கள்.