ஒற்றைப்படைக்குப் பச்சரிசி

மலேயாவின் வெள்ளீயச் சுரங்கங்களுக்கு வேலை தேடி வந்த சீனர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கொத்துக் கொத்தாக மாண்டார்கள். கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். சிலருக்கு உடம்பெல்லாம் நீர் கோத்து இதயமே நின்றுவிடும். நோயின் பெயர் பெரிபெரி. அதே மண்ணில், தோட்டங்களில் உழைத்த தமிழர்களை அது அவ்வளவாக அண்டவில்லை. இவர்கள் பிழைப்பு ஒன்றும் மேலானதல்ல. வேறாக இருந்தது சோறுதான். சீனர்கள் உண்டது மில்லில் தீட்டிய பச்சரிசி, தமிழர்கள் உண்டது புழுங்கலரிசி. நெகிரி செம்பிலானில் இருந்த மருத்துவர் பிராடன் இதைக் கவனித்தார். பச்சரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்பது அவர் கணிப்பு.

1905 டிசம்பரில் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் வில்லியம் பிளெட்சர் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார். நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணினார்கள். ஒற்றைப்படை எண்காரர்களுக்குக் கிழக்கு வார்டு, பச்சரிசிச் சோறு. இரட்டைப்படைக்கு மேற்கு வார்டு, புழுங்கலரிசிச் சோறு. பச்சரிசிப் பக்கம் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். மறுபக்கம் ஒருவர்கூட இல்லை. ஆய்வு முறையை இன்றும் மெச்சுகிறார்கள், மெச்சலாம்தான். ஆனால் சம்மதம் சொல்லும் நிலையில்கூட இல்லாதவர்களை வைத்தல்லவா நடத்தினார்கள்!

நஞ்சு எதுவும் இல்லை. தவிட்டோடு போய்விட்ட தயமின், அதாவது வைட்டமின் பி1, இல்லாததுதான் வினை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் இறங்குகிறது. மாவுச்சத்தும் இறுகிக்கொள்வதால், பிறகு தீட்டினாலும் களைந்தாலும் கணிசமாகத் தங்கிவிடுகிறது.

உண்ட சோறு குளுக்கோஸாகி, செல்லுக்குள் பைருவேட்டாக உடையும்வரை தயமின் வேண்டியதில்லை. அந்தப் பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் எரிந்து ஆற்றலாக மாறத்தான் அது வேண்டும். இல்லையென்றால் பைருவேட்டும் லாக்டிக் அமிலமும் தேங்கும். ஓயாமல் ஆற்றல் கேட்கும் நரம்புக்கும் இதயத்துக்கும்தான் முதல் அடி. நாளொன்றுக்குத் தேவை ஒரு மில்லிகிராமும் சொச்சமும்தான். ஆனால் உடம்பின் கையிருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குமேல் தாங்காது.

இன்று இந்தக் குறைபாட்டில் அதிகம் சிக்குவோர் குடிநோயாளிகள். மது குடலில் தயமின் சேர்வதைக் கெடுக்கிறது. சாப்பாடும் ஒழுங்காக இருக்காது. பார்வை நிலைகொள்ளாமல், மனம் குழம்பித் தள்ளாடுபவரைப் பார்த்து, ‘போதை தெளியவில்லை’ என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். வெர்னிக்கி என்ற மூளைப் பாதிப்பாகவும் அது இருக்கலாம். அப்படிப்பட்டவருக்கு வெறும் குளுக்கோஸை ஏற்றினால், அதை எரிப்பதிலேயே மிச்சமிருக்கும் தயமினும் செலவாகிவிடும். அதனால்தான் அவசரப் பிரிவில் குளுக்கோஸுக்கு முன்போ கூடவோ தயமின் ஊசியும் போடுகிறார்கள்.