12 கட்டுரைகளை எழுதியவர் யார்?
மலை போன்ற எழுத்தைச் சலித்துத் தரும் விந்தைச் சல்லடை!

1787-ஆம் ஆண்டு. அமெரிக்க நாட்டுக்குப் புதிய அரசியல் சட்டம் எழுதப்பட்டு இருந்தது. "இதை மக்கள் ஏற்க வேண்டும்" என்று நியூயார்க் பத்திரிகைகளில் கட்டுரைகள் வரத் தொடங்கின. அடுத்த ஆண்டு முடிவதற்குள் 85 கட்டுரைகள் வந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் கீழே "பப்ளியஸ்" என்ற ஒரே பெயர்தான் இருந்தது. அது புனைபெயர்!

உண்மையில் எழுதியவர்கள் 3 பேர். அலெக்சாண்டர் ஹாமில்டன், ஜேம்ஸ் மாடிசன், ஜான் ஜே.

1804-இல் ஹாமில்டன் துப்பாக்கிச் சண்டை ஒன்றில் சுடப்பட்டு இறந்தார். சுட்டவர் யார் தெரியுமா? அப்போதைய துணை ஜனாதிபதி ஏரன் பர்!

பிறகுதான் வந்தது சிக்கல். 12 கட்டுரைகளை, "என்னுடையவை" என்று ஹாமில்டன் குறித்து வைத்திருந்தார். "இல்லை, நான் எழுதியவை" என்றார் மாடிசன். அவரும் சாதாரண ஆள் அல்ல. ஜனாதிபதியாக இருந்தவர். யார் சொல்வதை நம்புவது?

சிறு சொல் காட்டிக் கொடுத்தது

நடையைப் பார்த்து ஆளைச் சொல்வார்கள் அல்லவா? எழுத்துக்கும் ஒரு நடை உண்டு. எழுதுகிறவர் தம்மை அறியாமலே சில சொற்களைத் திரும்பத் திரும்பப் போடுவார்.

ஆங்கிலத்தில் "அப்பான்" என்று ஒரு சிறு சொல் இருக்கிறது. "மேல்" என்று பொருள். ஹாமில்டன் 1,000 சொற்கள் எழுதினால் அதில் சுமார் 3 இடத்தில் "அப்பான்" இருக்கும். மாடிசன் எழுத்தில் அது மிக அபூர்வம்.

மாஸ்டெல்லர், வாலஸ் என்ற இரண்டு புள்ளியியல் அறிஞர்கள் இப்படிப்பட்ட சொற்களை எண்ணிக் கணக்குப் போட்டார்கள். 1964-இல் முடிவைப் புத்தகமாக வெளியிட்டார்கள். "12 கட்டுரைகளும் மாடிசன் எழுதியவையாகவே இருக்க வேண்டும்" என்பது அவர்கள் முடிவு.

கம்ப்யூட்டர் திணறியது

அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின்பு, நியூஜெர்சியில் உள்ள பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் லீ மக்மேகன் என்பவர் அதே கட்டுரைகளை ஆராய விரும்பினார். கட்டுரைகளைக் கம்ப்யூட்டரில் வைத்துத் தேட முயன்றார். முடியவில்லை!

காரணம் என்ன? கட்டுரைகளில் 10 லட்சம் எழுத்துக்களுக்கு மேல் இருந்தன. அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு வேலைக்குக் கிடைக்கும் நினைவிடமோ சுமார் 65 ஆயிரம் எழுத்துக்களுக்குத்தான். "எட்" என்ற திருத்தும் கருவி அவ்வளவு பெரிய கோப்பைத் தாங்கவில்லை. குடத்துக்குள் குளத்தை ஊற்ற முடியுமா?

அதே கூடத்தில் வேலை பார்த்த கென் தாம்சன் வழி கண்டார். "எட்" கருவியில் இருந்த தேடும் பகுதியை மட்டும் தனியே எடுத்து ஒரு கருவி ஆக்கினார். அதுதான் "கிரெப்". இதை அவர்களுடன் பணியாற்றிய பிரயன் கெர்னிகன் கூறியிருக்கிறார். 1973-ஆம் ஆண்டிலேயே கிரெப் புழக்கத்துக்கு வந்துவிட்டது.

சூட்சுமம் இதுதான்

கிரெப் முழுக் கோப்பையும் உள்ளே இழுப்பது இல்லை. ஒரு வரியைப் படிக்கும். நாம் கேட்ட சொல் அதில் இருக்கிறதா? இருந்தால் வரியைக் காட்டும். இல்லை என்றால் விட்டுவிடும். பிறகு அடுத்த வரி. அவ்வளவுதான்!

சமையல் அறையில் மாவு சலிப்பதைப் பாருங்கள். மூட்டை மாவையும் ஒரே தடவையில் சல்லடையில் கொட்டுவதில்லை. கைப்பிடி கைப்பிடியாகப் போடுகிறோம். சல்லடை சிறியதுதான். ஆனாலும் மூட்டை முழுவதும் சலிந்துவிடுகிறது!

கைமாறும் வேலை

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிரெப் காட்டுவது வரியை. ஒரே வரியில் "அப்பான்" இரண்டு முறை இருந்தாலும் அந்த வரி ஒரு தடவைதான் வரும். சொல்லை எண்ண வேண்டுமானால் என்ன செய்வது?

அதற்குத் துணைக் கருவிகள் இருக்கின்றன. "டி.ஆர்." என்ற கருவி எழுத்தை மாற்றும். சொற்களுக்கு இடையே உள்ள ஒவ்வோர் இடைவெளியையும் வரி முடிவாக அது மாற்றிவிட்டால், வரிக்கு ஒரு சொல் ஆகிவிடும். அதில் "அப்பான்" உள்ள வரிகளைக் கிரெப் பொறுக்கும். வந்த வரிகளை "டபிள்யூ.சி." எண்ணும். விடை கிடைத்துவிடும்!

ஒரு கருவி முடித்ததை அடுத்த கருவி வாங்கிக் கொள்ளும் இந்த ஏற்பாட்டுக்குப் "பைப்" என்று பெயர். குழாய் என்று பொருள். டக் மக்கில்ராய் இதை வற்புறுத்தி வந்தார். 1973-இல் தாம்சன் அதைச் செய்து கொடுத்தார்.

தேடிக் களைத்த மக்மேகனும் சும்மா இருக்கவில்லை. அவர் "செட்" என்ற கருவியை எழுதினார். அது வரி வரியாகப் படித்து, ஒரு சொல் வரும் இடமெல்லாம் வேறு சொல்லைப் போட்டுக் கொண்டே போகும். ஊரின் பெயர் மாறினால், ஆயிரம் பக்கத்திலும் ஒரே கட்டளையில் மாற்றி விடலாம்!

அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்கள் காட்சிச் சாலைக்குப் போய்விட்டன. ஆனால் கிரெப்பும் செட்டும் இன்றும் உலகமெங்கும் கம்ப்யூட்டர்களில் வேலை செய்கின்றன.

வேலை மலைபோல் இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். ஒவ்வொரு வரியாகப் படித்தால் போதும். மலையும் கரைந்துவிடும்!