வரி குறையும், வோட்டுப் போடுங்கள்!

திண்டுக்கல் ஜில்லாவில், பழனி மலைத் தொடரின் கீழ் மலைப் பகுதியில் தாண்டிக்குடி என்னும் கிராமம் இருக்கிறது. காப்பியும் மிளகும் மலைவாழையும் விளையும் ஊர். காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் இங்கே உண்டு. முருகப் பெருமான் இங்கிருந்துதான் பழனிக்குத் தாண்டிக் குதித்தார் என்றும், அதனாலேயே ஊருக்கு இந்தப் பெயர் ஏற்பட்டதென்றும் ஊரார் சொல்வார்கள். முருகன் பழனியோடு நின்றுவிட்டார். நாம் இன்னும் சற்று எட்டத் தாண்டிக் கடலுக்கு அப்பாலுள்ள இலங்கையில் போய் இறங்கப் போகிறோம்.

மலைமேல் காப்பிச் செடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் என்ன ஜோலி என்று நேயர்கள் கேட்கலாம். ஜோலி உண்டு. நம் தேசத்தில் குடியரசுத் தலைவரை ஜனங்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. பார்லிமெண்டு அங்கத்தினர்களும் சட்டசபை அங்கத்தினர்களுமே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே அந்தத் தேர்தலில் வரியைப் பற்றிய வாதப் பிரதிவாதத்துக்கு இடமில்லை. இலங்கையிலோ 1978ஆம் வருஷத்து அரசியல் சட்டப்படி ஜனங்களே ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1982 முதல் அப்படித் தேர்தல் நடந்து வருகிறது. அந்தத் தேர்தல்களில் 2019லும் 2024லும் நடந்த இரண்டும், வரியையும் வோட்டையும் பற்றி, தமிழ் படிக்கத் தெரிந்த ஒவ்வொரு குடும்பமும் அறிய வேண்டிய ஒரு பாடத்தைச் சொல்கின்றன.

காப்பியும் நாய் வரியும்

இலங்கைக்கும் நமக்கும் உள்ள உறவுக்கு முதற் காரணமே காப்பிதான். சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் கண்டிச் சீமையில் வெள்ளைக்காரர்கள் காப்பித் தோட்டம் போட்டார்கள். தமிழ் ஜில்லாக்களிலிருந்து ஏழை ஜனங்கள் ஆயிரமாயிரமாக அங்கே கூலிக்குப் போனார்கள். 1869ல் காப்பி இலையில் துரு நோய் கண்டு தோட்டங்கள் அழியத் தொடங்கின. பிறகு அதே மண்ணில் தேயிலை வந்தது. அதே தமிழர்கள் கொழுந்து பறித்தார்கள்.

காப்பி செழித்திருந்த காலத்திலேயே அதன் விலை ஒரு முறை சரிந்தது. 1848ல் கவர்னராக இருந்த டோரிங்டன் பிரபு கஜானாவை நிரப்ப ஒரு வழி கண்டுபிடித்தார். துப்பாக்கிக்கு வரி, வண்டிக்கு வரி, கடைக்கு வரி, நாய்க்குக்கூட வரி! அது போதாதென்று, ஒவ்வொருவரும் வருஷத்தில் ஆறு நாள் சாலை வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அதற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும் என்றும் உத்தரவு பிறந்தது. காப்பி விலை சரிந்ததற்குக் கண்டி விவசாயி எந்த விதத்திலும் பொறுப்பாளியல்ல. ஆனால் நஷ்டம் அவன் தலையில் விழுந்தது. மாத்தளையிலும் குருநாகலிலும் கலகம் மூண்டது. இராணுவச் சட்டத்தால் அதை அடக்கினார்கள். தலைவர்களில் ஒருவரான புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். கவர்னரும் பின்னர்ப் பதவியிழந்து சீமைக்குத் திரும்ப நேர்ந்தது.

அந்த விவசாயிக்கு வோட்டு இல்லை. ஆகவே எவரும் அவனுக்கு வாக்குறுதி கொடுக்கவுமில்லை. அவனுடைய அபிப்பிராயத்தைக் கேட்கவுமில்லை.

வரி உண்டு, வோட்டு இல்லை

இதைவிட விசித்திரமான கதை ஒன்று பிற்காலத்தில் நடந்தது. இலங்கை சுதந்திரம் அடைந்த 1948ஆம் வருஷத்திலேயே பிரஜா உரிமைச் சட்டம் ஒன்று வந்தது. மலையகத் தமிழர்களில் பெரும்பாலோர் அதனால் பிரஜைகள் அல்லாதவர்கள் ஆனார்கள். அடுத்த வருஷம் அவர்களுடைய வோட்டுரிமையும் போயிற்று. அந்தக் காலத்தில் தேயிலை ஏற்றுமதித் தீர்வை இலங்கைக் கஜானாவின் முக்கியமான வரவுகளில் ஒன்று. அதாவது, யாருடைய விரல்கள் பறித்த கொழுந்தால் சர்க்கார் நடந்ததோ, அவர்களுக்கு அந்தச் சர்க்காரை அமைக்கும் உரிமை இல்லை.

1964ல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அதன்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று முடிவாயிற்று. அப்படித் திரும்பி வந்தவர்களில் பலர் நீலகிரியிலும் நம் கொடைக்கானல் மலைகளிலும் குடியேறினார்கள். அங்கேயே தங்கிவிட்டவர்களின் நாடற்ற நிலை 1988, 2003ஆம் வருஷங்களின் சட்டங்களால்தான் ஒருவாறு முடிவுக்கு வந்தது. ஒரு வோட்டுச் சீட்டுக்காக நாற்பது ஐம்பது வருஷம் காத்திருந்தவர்களிடம் அதன் மதிப்பைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சீட்டைக் கேட்டு வருகிறவர்கள் பதிலுக்கு என்ன தருவதாகச் சொல்கிறார்கள் என்பதுதான் இப்போது நாம் பார்க்க வேண்டியது.

ஒரு கழித்தல் கணக்கு

2019 நவம்பர் 16ந் தேதி நடந்த தேர்தலில் கோத்தபய ராஜபக்ஷ வரிகளைக் குறைப்பதாக வாக்களித்தார். அப்போது நிதி மந்திரியாயிருந்த மங்கள சமரவீர, இந்தத் திட்டத்தை நிறைவேற்றினால் தேசம் திவாலாகும், கிரீஸையும் வெனிசூலாவையும் போல ஆகிவிடும் என்று தேர்தலுக்கு முன்பே எச்சரித்தார். தேர்தல் காலத்தில் மந்திரி சொல்வதை யார் பொருட்படுத்துகிறார்கள்? கோத்தபய நூற்றுக்கு 52 வோட்டுப் பெற்று ஜெயித்தார்.

வாக்கைக் காப்பாற்றாத அரசியல்வாதிகளைத்தான் நாம் வழக்கமாகக் குறை கூறுகிறோம். இவர் வாக்கைக் காப்பாற்றினார்! நூற்றுக்கு 15ஆக இருந்த மதிப்புக் கூட்டு வரி டிசம்பர் 1ந் தேதி முதல் 8 ஆயிற்று. தேச நிர்மாண வரி அடியோடு நீங்கியது. வருஷத்துக்கு 30 லட்சம் ரூபாய் வரையில் சம்பாதிக்கிறவர்களுக்கு வருமான வரி இல்லை என்று ஆயிற்று.

நாம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கழித்தல் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். பதினைந்தில் ஏழு போனால் எட்டு என்று அவர்கள் உடனே சொல்லிவிடுகிறார்கள். போன ஏழு எங்கே போயிற்று, அந்த இடத்தை யார் நிரப்புவார் என்பது அடுத்த கேள்வி. இலங்கையில் 2019ல் தேசிய உற்பத்தியில் நூற்றுக்கு 11க்கு மேல் இருந்த வரி வருமானம், 2022ல் 8க்கும் கீழே இறங்கியது.

வரிக் குறைப்பு ஒன்றே இலங்கையைக் கவிழ்த்தது என்று சொல்வது நியாயமாகாது. பழைய கடன் மலை போல் நின்றது. 2019 ஈஸ்டர் தினக் குண்டுவெடிப்புகளாலும், பிறகு கொரோனா நோயாலும், உல்லாசப் பிரயாணிகள் வருவது நின்றது. 2021ல் இரசாயன உரத்தைத் தடுத்ததால் விவசாயம் குலைந்தது. ஆனால் கஷ்ட காலத்துக்கென்று வைத்திருக்க வேண்டிய பணத்தை முன்னதாகவே விட்டுக் கொடுத்தாகிவிட்டது. 2022 ஏப்ரல் 12ந் தேதி, வெளிநாட்டுக் கடனைத் தற்போது திருப்பிக் கொடுக்க இயலாது என்று இலங்கை அறிவித்தது.

பின்னர் நடந்தவற்றை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெட்ரோலுக்கும் சமையல் வாயுவுக்கும் நாட்கணக்கில் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். மேல் மாகாணத்தில் காகிதம் இல்லாமல் பள்ளிப் பரீட்சைகளைத் தள்ளிப் போட்டார்கள். படகேறி தனுஷ்கோடிக் கரைக்குக் கைக்குழந்தைகளுடன் வந்து இறங்கியவர்களும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால் மாவும் மருந்தும் கப்பலில் போயின. கொழும்பில் 2022 செப்டம்பரில் உணவுப் பொருள்களின் விலை, ஒரு வருஷத்துக்கு முன் இருந்ததைவிட நூற்றுக்கு 90க்கு மேல் ஏறியிருந்தது. கோத்தபய அந்த ஜூலையிலேயே தேசத்தைவிட்டு வெளியேறிப் பதவியை இராஜினாமாச் செய்திருந்தார்.

குறைத்த வரி என்ன ஆயிற்று? 8ஆக இருந்தது 2022லேயே 12 ஆகி, 15 ஆகி, 2024 ஜனவரி 1ந் தேதி 18 ஆயிற்று. பழைய வரிக்கு மேல் மூன்று கூடுதல்! குறைத்தபோது அதிக லாபம் அடைந்தவர்கள் பெரிய வருமானக்காரர்கள். ஏற்றியபோதோ பருப்பு வாங்கப் போன தோட்டத் தொழிலாளியும் விலை உயர்வில் தம் பங்கைச் சுமந்தார்.

கணிப்பும் கணக்கும்

தேர்தல் வந்தால் கருத்துக் கணிப்பும் உடன் வருகிறது. இது புதிய வித்தையல்ல. 1936ல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கு மேற்பட்ட பதில்கள் வந்தன. லாண்டன்தான் ஜெயிப்பார் என்று பத்திரிகை அடித்துச் சொல்லிற்று. முடிவில் 48 ராஜ்யங்களில் 46 ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைத்தன. டெலிபோனும் மோட்டாரும் வைத்திருந்தவர்களின் ஜாபிதாக்களிலிருந்தே பெரும்பாலும் விலாசங்களை எடுத்ததும், பதில் போட்டவர்கள் ஒரு சிலராக இருந்ததுமே பிசகுக்குக் காரணம். அந்தத் தேர்தலிலும் வரிதான் வாதம். முதுமைக் கால உதவிக்காகச் சம்பளத்தில் பிடிக்கவிருந்த வரியை எதிர்த்து, கூலிக் கவருக்குள்ளேயே எச்சரிக்கைச் சீட்டு வைத்துக் கொடுத்த முதலாளிகள் இருந்தார்கள். தொழிலாளர்கள் அந்தச் சீட்டையும் படித்தார்கள். வரி எதற்கென்பதையும் யோசித்தார்கள். ரூஸ்வெல்ட்டுக்கே வோட்டுப் போட்டார்கள்.

இக்காலத்துக் கணிப்புகள் அவ்வளவு மோசமல்ல. கொழும்பிலுள்ள சுகாதாரக் கொள்கை நிறுவனம் 2024 தேர்தலுக்கு முன் டெலிபோன் மூலம் பேட்டி கண்டு, அபேட்சகர்களின் செல்வாக்கை அவ்வப்போது வெளியிட்டு வந்தது. ஆனால் எவ்வளவு நல்ல கணிப்பானாலும், யாரைப் பிடிக்கிறது என்று கேட்பது சுலபம். அவர் சொல்லும் சலுகைக்கு ஈடாக எதை இழக்கச் சம்மதம் என்று கேட்பது கடினம். வரி குறைய வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பவர் உண்டா? ஆஸ்பத்திரி மருந்து குறைந்தாலும் சரியா என்று சேர்த்துக் கேட்டால்தான் உண்மையான அபிப்பிராயம் வெளிவரும்.

2024ல் நடந்தது

2024 செப்டம்பர் 21ந் தேதித் தேர்தலில் மூன்று பெரிய அபேட்சகர்கள் மூன்று விதமாகப் பேசினார்கள். ரணில் விக்கிரமசிங்க, சர்வதேச நாணய நிதியத்தோடு செய்துகொண்ட உடன்படிக்கையைக் குலைத்தால் மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டிவரும் என்றார். சஜித் பிரேமதாச, நிபந்தனைகளைத் திருத்தி வருமான வரியின் சுமையைக் குறைப்பதாகச் சொன்னார். அநுர குமார திஸாநாயக்க, உணவு, மருத்துவம், கல்வி ஆகியவற்றின் மீதுள்ள மதிப்புக் கூட்டு வரியை நீக்குவதாகவும், மாதம் 2 லட்சம் ரூபாய் வரை சம்பளத்துக்கு வரி இராதென்றும் சொன்னார்.

சுமார் 1 கோடியே 71 லட்சம் வாக்காளர்களில் நூற்றுக்கு 79 பேர் வோட்டளித்தார்கள். 2019ல் நூற்றுக்கு 3 பெற்றிருந்த அநுரவுக்கு இம்முறை 42 கிடைத்தது. எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால், இலங்கைச் சரித்திரத்தில் முதன் முறையாக இரண்டாம் விருப்ப வோட்டுகளையும் எண்ணி, அவரே வெற்றி பெற்றார். தமிழர்கள் அதிகமாயுள்ள யாழ்ப்பாணமும் நுவரெலியாவும் சஜித்துக்கு முதலிடம் கொடுத்தன.

பதவிக்கு வந்த பின் அநுரவும் நாணய நிதியத்தோடு உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. 1 லட்சமாக இருந்த மாத வரம்பு 2025 ஏப்ரல் முதல் 2 லட்சமாகவில்லை, 1½ லட்சமாயிற்று. உள்நாட்டில் தயாராகும் பாலுக்கும் தயிருக்கும் வரி நீங்கிற்று. 18 என்ற பொது விகிதம் அப்படியே நின்றது. இதை வாக்குத் தவறியதாகச் சிலர் சொல்லலாம். 2019ல் வாக்கை முழுதாக நிறைவேற்றியதன் பலனைக் கண்டவர்கள், இந்தப் பாதி நிறைவேற்றத்தைச் சற்று நிதானமாகவே எடை போடுவார்கள். ஆயினும், தேர்தலுக்கு முன்பே பாதிதான் முடியும் என்று சொல்லியிருந்தால் இன்னும் அழகாயிருந்திருக்கும்.

ராஜாஜி காட்டிய முறை

அப்படிச் சொல்லவும் முடியும் என்பதற்கு நம் மாகாணத்திலேயே அத்தாட்சி உண்டு. 1930ல் உப்பு வரியை எதிர்த்து வேதாரண்யத்துக்கு நடந்த ராஜாஜி, 1937ல் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். அக்டோபர் 1ந் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. கள், சாராயத்தால் வந்த வருமானம் போயிற்று. அந்தப் பள்ளத்தை எதைக்கொண்டு மூடுவது? 1939ல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். வியாபாரிகள் எதிர்த்தார்கள். விற்பனை வரி ஏழையின் மீதும் விழும் என்ற ஆட்சேபம் நியாயமானதுதான். ஆனால் இன்ன வரவை விடுகிறோம், அதற்குப் பதிலாக இன்னதை வாங்குகிறோம் என்று கணக்கின் இரண்டு பக்கத்தையும் ஜனங்கள் முன் விரித்து வைத்ததில் ஒளிவு மறைவில்லை. ஒப்புக்கொள்ளவோ எதிர்க்கவோ அவர்களுக்கு வழி இருந்தது.

எந்தத் தேசத்திலும் எந்தத் தேர்தலிலும், 'வரி குறையும்' என்று மேடையில் கேட்டவுடன் ஒவ்வொரு குடும்பமும் மூன்று கேள்விகள் கேட்கலாம். குறைவது யாருடைய வரி? குறைந்த பணத்துக்கு ஈடு எங்கிருந்து வரும்? ஈடு இல்லையென்றால் எந்தச் செலவு நிற்கும்? மாதக் கடைசியில் பால்காரர் கணக்கையும் பள்ளிச் சம்பளத்தையும் ஒட்டிப் பார்க்கிற நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இந்தக் கேள்விகள் புதியவை அல்ல. அவற்றை மேடையில் நிற்கிறவரிடமும் கேட்க வேண்டும் என்பதே நம் விண்ணப்பம். கண்டி விவசாயிக்கு அந்தச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. மலையகத் தொழிலாளிக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை. நமக்குக் கிடைத்திருக்கிறது.