எச்சரிக்கை ஊருக்கு வந்தது, காலனிக்கு வந்ததா?

பங்குனி பாதியைத் தாண்டியதும் செல்போனில் குறுஞ்செய்திகள் வரத் தொடங்கிவிடுகின்றன. ‘பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெளியே செல்வதைத் தவிர்க்கவும்’ என்கிறது ஒன்று. ‘அடுத்த 3 மணி நேரத்தில் இடி, மின்னலுடன் மழைக்கு வாய்ப்பு’ என்கிறது இன்னொன்று. மே 4-ஆம் தேதி அக்னி நட்சத்திரம் தொடங்கிய பிறகுதான் வெயிலைப் பற்றிப் பேசுவது முன்பு வழக்கம். இப்போது மார்ச் மாதத்திலேயே வெயிலும் கோடை மின்னலும் செய்தியாகிவிடுகின்றன.

எச்சரிக்கை தருவது நல்ல காரியம். அதனால் உயிர்கள் காப்பாற்றப்படுகின்றன. ஆனால் அதைக் கேட்டு நடக்க ஒருவருக்கு என்னென்ன வேண்டும்? கையில் போன் வேண்டும். வேலையை நிறுத்தினாலும் கூலி போகாது என்ற உறுதி வேண்டும். ஒதுங்க உறுதியான கூரையும் குடிக்கத் தண்ணீரும் வேண்டும். நம் கிராமங்களில் இவை நான்கும் எந்தத் தெருவில் இருக்கின்றன, எந்தத் தெருவில் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

நிறங்கள் சொல்வது என்ன?

இந்திய வானிலை ஆய்வுத் துறை தன் எச்சரிக்கைகளை நான்கு நிறங்களில் தருகிறது. பச்சை என்றால் கவலை வேண்டாம். மஞ்சள் என்றால் கவனமாக இருக்க வேண்டும். ஆரஞ்சு என்றால் தயாராக இருக்க வேண்டும். சிவப்பு என்றால் உடனே செயலில் இறங்க வேண்டும். சமவெளியில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தொட்டு, அது வழக்கத்தைவிட 4.5 டிகிரி அதிகமாகவும் இருந்தால் வெப்ப அலை என்கிறார்கள். கடலோரத்துக்கு இந்த அளவு 37 டிகிரி. கடலோரக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை காயாது. உடல் சூடு இறங்காது. அதனால் குறைந்த வெப்பத்திலேயே ஆபத்து வந்துவிடுகிறது.

கோடை மின்னலும் இந்த வெயிலோடு சேர்ந்ததுதான். பகலெல்லாம் சூடேறிய தரையிலிருந்து காற்று வேகமாக மேலெழும்புகிறது. கடல் காற்றின் ஈரம் அதோடு சேர்ந்ததும் பிற்பகலில் கருமேகம் திரள்கிறது. மழை அரை மணி நேரத்தில் நின்றுவிடலாம். ஆனால் மழைக்கு முன்பே மின்னல் இறங்கிவிடும்.

வயலில் நிற்பவர்கள் யார்?

இந்த மாதங்களில் திறந்தவெளியில் நடக்கும் வேலைகளைப் பாருங்கள். டெல்டாவில் சம்பா அறுவடைக்குப் பின் வயலில் நிற்கும் உளுந்தையும் பயறையும் எடுக்கிறார்கள். பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் முந்திரிக்கொட்டை பொறுக்குகிறார்கள். கரும்பு வெட்டு, செங்கல் சூளை, நூறு நாள் வேலையில் ஏரி தூர்வாருதல் என்று பட்டியல் நீள்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். கிராமத்துத் தலித் குடும்பங்களில் பெரும் பகுதி, சொந்த நிலமில்லாமல் கூலியை நம்பி வாழ்கிறது. நிலத்துக்குச் சொந்தக்காரர் வரப்பு மரத்தடியில் நிற்கலாம், வீட்டுக்கும் போகலாம். கூலிக்கு வந்தவர் வேலை முடியும்வரை வயலில்தான் நிற்க வேண்டும்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் மின்னல் தாக்கி 2,887 பேர் இறந்தனர். இயற்கைச் சீற்றங்களால் அந்த ஆண்டு நேர்ந்த 8,060 சாவுகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் மின்னலால் வந்தவை. வெப்பத் தாக்கால் இறந்தவர்கள் 730 பேர் என்கிறது அதே கணக்கு. ‘நெஞ்சுவலி’, ‘மயக்கம்’ என்று எழுதி முடிக்கப்படும் வெயில் சாவுகள் இந்தக் கணக்கில் வருவதில்லை.

மின்னல் எச்சரிக்கை வந்ததும் ‘கெட்டியான கட்டடத்துக்குள் செல்லுங்கள்’ என்கிறார்கள். வயலுக்கு அருகில் இருக்கும் கெட்டியான கட்டடம் எது? பண்ணைக்காரர் வீடு, கோயில் மண்டபம், ஊர்த்தெருவில் உள்ள பள்ளிக்கூடம். இடி இடிக்கும்போது காலனிப் பெண்கள் பத்துப் பேர் அந்தத் திண்ணையில் தயங்காமல் ஏறி உட்கார முடிகிற ஊர்கள் எத்தனை? தயங்குகிறவர்கள் புளியமரத்தடிக்கு ஓடுகிறார்கள். மின்னல் நேரத்தில் மரத்தடிதான் ஆபத்தான இடம். மரத்தில் இறங்கும் மின்சாரம் வேர் வழியாகத் தரையில் பரவி, சுற்றி நிற்கும் ஆட்களையும் ஆடுகளையும் ஒரே நேரத்தில் சாய்க்கும்.

வீட்டுக்குள் இருந்தால் போதுமா?

வெயிலுக்கு ‘வீட்டுக்குள் இருங்கள்’ என்கிறார்கள். தகரமோ ஆஸ்பெஸ்டாஸ் ஓடோ போட்ட வீட்டுக்குள் நண்பகலில் இருந்து பார்த்தவர்களுக்கு அந்த அறிவுரையின் அருமை தெரியும். பல ஆண்டுகளுக்கு முன் கட்டித் தந்த தொகுப்பு வீடுகளில் கூரைக் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. பகலில் சூட்டை வாங்கிய அந்தத் தளம் இரவெல்லாம் அதை வீட்டுக்குள் இறக்குகிறது. தூக்கமில்லாத உடம்போடு மறுநாள் காலை மீண்டும் வெயிலில் இறங்க வேண்டும்.

‘தாகம் இல்லாவிட்டாலும் அடிக்கடி தண்ணீர் குடியுங்கள்’ என்பது அடுத்த அறிவுரை. குடிநீரிலும் சாதி கலந்த நாட்டில் இருக்கிறோம். புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது 2022 டிசம்பரில் வெளிவந்தது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். களத்தில் வேலை செய்பவருக்குச் சொம்பைக் கையில் தராமல் தூக்கி ஊற்றும் பழக்கம் எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் தொழிலாளி தேவைக்குக் குறைவாகத்தான் தண்ணீர் கேட்பார். வெயில் காலத்தில் இது மானப் பிரச்சினை மட்டுமல்ல, உயிர்ப் பிரச்சினையும்கூட.

பறையடித்தவர்களின் தெரு

வெள்ளம் வந்தாலும் ஏரி உடைந்தாலும் வரி கட்டச் சொன்னாலும், ஊருக்கு அதை அறிவித்தது தலித் மக்களின் பறைதான். தண்டோரா போடுவது அவர்கள் மீது சுமத்தப்பட்ட கடமையாக இருந்தது. அந்த முறையை நிறுத்தி, வாகனங்களில் ஒலிபெருக்கி வைத்து அறிவிக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் அன்றைய தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். வரவேற்க வேண்டிய முடிவு அது.

ஆனால் தலைமுறை தலைமுறையாக ஊருக்குச் செய்தி சொன்னவர்களின் தெருவுக்கு இன்று செய்தி கடைசியாகத்தான் வருகிறது. ஒலிபெருக்கி வண்டி காலனிக்குள்ளும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். கோயில் குழாய் ஒலிபெருக்கி எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். வீட்டுக்கு ஒரு போன் என்றால் அது பெரும்பாலும் ஆண் கையில் இருக்கும். உளுந்து எடுக்கப் போன பெண்ணின் முந்தானையில் மின்னல் எச்சரிக்கை வந்து சேராது.

நிவாரணம் கிடைக்க

மின்னல் தாக்கி இறந்தவரின் குடும்பத்துக்கு அரசு ரூ.4 லட்சம் நிவாரணம் தருகிறது. 2024 அக்டோபரில் வெப்ப அலையையும் மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது, அதற்கும் ரூ.4 லட்சம் உண்டு. பேரிடர் நிவாரண விதிகளில் கறவை மாட்டுக்கு ரூ.37,500, ஆட்டுக்கு ரூ.4,000 என்று வரையறுத்திருக்கிறார்கள்.

சாவுக்குக் காரணம் இதுதான் என்ற சான்று இல்லாமல் பணம் வராது. இறந்தவரை அன்றே எடுத்து அடக்கம் செய்துவிட்டால் பிறகு எதையும் நிரூபிக்க முடியாது. உடனே கிராம நிர்வாக அலுவலருக்கும் காவல் நிலையத்துக்கும் தகவல் சொல்ல வேண்டும். பிரேதப் பரிசோதனை நடக்க வேண்டும். எங்கே, எத்தனை மணிக்கு, என்ன வேலை செய்யும்போது விழுந்தார் என்பதை உடனிருந்தவர்கள் எழுதித் தர வேண்டும். துக்க வீட்டில் இதைச் செய்யப் படித்த பிள்ளை ஒருவர் முன்வந்தால் அந்தக் குடும்பத்துக்குப் பெரிய உதவி.

மாணவர்கள் செய்யக்கூடியவை

புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ‘தாமினி’ செயலி, அருகில் மின்னல் இறங்குவதை முன்கூட்டிக் காட்டும். தமிழ்நாடு அரசின் ‘டிஎன்-அலர்ட்’ செயலி தமிழிலேயே எச்சரிக்கை தரும். தெருவுக்கு இரண்டு மாணவர்கள் இவற்றைப் பார்த்து, வேலைக்குப் போகும் கும்பலில் போன் வைத்திருக்கும் ஒருவருக்குச் சொன்னால் போதும்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குள் இருந்தால் அது 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று பொருள். உடனே மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே வெளியே வர வேண்டும். மின்னல் தாக்கியவரைத் தொட்டால் மின்சாரம் பாயாது. பயப்படாமல் முதலுதவி செய்யலாம். வெயிலில் ஒருவர் குழறிப் பேசினாலோ நினைவு தடுமாறினாலோ நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. அவற்றில் இரண்டு, மார்ச் 22-ம் மே 1-ம், இந்தப் பருவத்திலேயே வருகின்றன. காலனியில் ஒலிபெருக்கி, தனித் தொட்டி இருந்தால் அதற்கு மூடியும் பூட்டும், நூறு நாள் வேலையிடத்தில் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்ன நிழலும் குடிநீரும் முதலுதவியும், ஆரஞ்சு எச்சரிக்கை நாளில் காலை 6 மணிக்கே தொடங்கி வெயிலுக்கு முன் முடியும் வேலையும் அதே கூலியும், இடி நேரத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கும் பள்ளிக்கூடம். இந்த ஐந்தையும் தீர்மானமாக எழுதிக் கொடுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.