எண்ணங்களைக் கிளைபிரித்து எழுதும் முறை

மகாசபை கூடும்பொழுது நம் அங்கத்தினர்களிடம் கேள்விகளுக்குக் குறைவிருப்பதில்லை. நூல் ஏன் பிந்தி வந்தது, கூலி எப்பொழுது உயரும், பயிர்க்கடன் தவணைக்கு அவகாசம் உண்டா என வினவுதற்குப் பல எண்ணி வருகின்றனர். சிவகாசியில் அச்சான நாட்காட்டித் தாளைக் கிழித்து, அதன் பின்புறம் குறித்து வருவோரும் உளர். ஆயினும் பேச எழுந்தவுடன் பாதி மறந்துபோகிறது. எஞ்சியதும் முன்பின்னாக வருகிறது. கேட்கப்படாத கேள்விக்கு நிர்வாகக் குழு விடையளிக்க வேண்டியதில்லை அன்றோ?

இதற்கு உதவக்கூடியது மனவரைபடம். தாளின் நடுவே பொருளை எழுதி, அதிலிருந்து கிளைகளையும், அக்கிளைகளிலிருந்து சிறு கிளைகளையும் வரைந்து செல்வதே இம்முறை. இங்கிலாந்தின் டோனி பூசான் என்பார் 1970-களில் இதனை மக்களிடையே பரப்பினார். இதனைக் கணினியில் வரைவதற்கு ஃப்ரீமைண்ட் என்ற மென்பொருளும், அதிலிருந்து பிரிந்து வளர்ந்த ஃப்ரீபிளேன் என்பதும் உள்ளன. இரண்டுக்கும் விலை இல்லை. எவரும் நகலெடுத்துப் பிறர்க்குக் கொடுக்கலாம். ஃப்ரீபிளேன் விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்கும். தமிழிலேயே தட்டச்சு செய்யலாம்.

அருப்புக்கோட்டை நெசவாளர் ஒருவர் நடுவில் ‘மகாசபை’ என்று எழுதுகிறார் என்று கொள்வோம். டேப் விசையைத் தட்டினால் கிளை பிறக்கும். என்டரைத் தட்டினால் அதனருகே உடன்பிறந்த கிளை வரும். நூல், சாயம், கூலி, விற்பனை என நான்கு கிளைகள் போதும். நூலின் கீழ் எத்தனை சிட்டம் கேட்டோம், எத்தனை வந்தது, எந்நாள் வந்தது என்பவை அமரும். ஒரு கிளையைப் பற்றிப் பேசும்பொழுது மற்றவற்றை ஸ்பேஸ் விசையால் மடக்கிவைக்கலாம். பாவில் இழைகளை ஒழுங்காக இழுத்துக்கட்டிப் பழகியவர்க்கு இது அந்நியமாகத் தோன்றாது.

கரிசல் நிலத்து விவசாயிக்கு இதன் பயன் இன்னும் பெரிது. 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். சிட்டா, அடங்கல், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியன ஒரு கிளை. பிரீமியம் செலுத்தக் கடைசி நாள் மற்றொன்று. ஆலங்கட்டி மழை போன்ற குறிப்பிட்ட சேதங்களை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது தனிக் கிளையாக, சிவப்பு நிறத்தில் நிற்கட்டும். யாரிடம், எந்தத் தொலைபேசி எண்ணில் தெரிவிப்பது என்பதையும் அதன் கீழே எழுதிவைக்க வேண்டும். பயிர் அழிந்த பதற்றத்தில் அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

ஒன்று கூறவேண்டும். இது தீர்மானப் புத்தகத்துக்கோ கணக்குப் பேரேட்டுக்கோ மாற்று அன்று. கையெழுத்திட்ட பதிவே சட்டப்படி செல்லும். கிளைகளை அளவின்றிப் பெருக்குவதும் வீண். ஐம்பது கிளைகள் கொண்ட படத்தை வரைந்தவரே படிக்கமாட்டார்.

கணினி இல்லாத அங்கத்தினர் சங்க அலுவலகத்தில் வரைந்து, படத்தை அச்செடுத்துக்கொள்ளலாம். கோப்பின் பிரதி ஒன்றை பென் டிரைவிலும் வைத்திருப்பது நலம். பழகும் முன் வெறுங்காகிதத்தில் ஒருமுறை வரைந்து பார்ப்பவர்க்கு மென்பொருள் அரைமணியில் கைவந்துவிடும்.