தவறணைப் பேச்சும் சாமானியர் நகைப்பும்: ஹஷெக்கின் ‘ஷ்வெய்க்’ நாவலை முன்வைத்துச் சில கருத்துகள்

குடிக்கும் இடத்திலே நடைபெறும் பேச்சு இலக்கிய ஆய்வாளரின் கவனத்தை எளிதிற் பெறுவதில்லை. ஒழுக்கவாதிகள் அதனை உளறல் எனத் தள்ளிவிடுவர். முற்போக்கு விமரிசகர் சிலரோ, அன்றாடத் துன்பங்களின் காரணங்களைத் தேடாது அவற்றைச் சிரிப்பிலே கரைத்துவிடும் தப்பியோடல் என்று அதற்குத் தீர்ப்புக் கூறுவர். இரு சாராரும் வெவ்வேறு திசைகளிலிருந்து வந்து ஒரே முடிவை அடைகின்றனர். அங்கே என்ன பேசப்படுகிறது, எவ்வாறு பேசப்படுகிறது, யார் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருக்கும்போது பேசப்படுகிறது என்ற வினாக்களை இரு சாராரும் எழுப்புவதில்லை.

இவ்வினாக்களை எழுப்பிப் பார்ப்பதற்கு யரோஸ்லாவ் ஹஷெக் (1883–1923) என்னும் செக் எழுத்தாளரின் ‘நல்ல போர்வீரன் ஷ்வெய்க்’ நாவல் மிகப் பொருத்தமானதாகும். அதிலே காணப்படும் தவறணை நகைச்சுவை, அச்சம் நிலவிய ஒரு சூழலிலே உருவான பேச்சு வடிவம் என்பதும், அதன் வலிமையும் எல்லையும் அச்சூழலாலேயே நிர்ணயிக்கப்படுகின்றன என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும். தவறணை என்ற சொல் போர்த்துக்கேயர் வழியாக நம்மை வந்தடைந்த ஐரோப்பியச் சொல்லே. எனவே செக் நாட்டுப் பியர்ச்சாலையைக் குறிக்க அதனையே இங்கு எடுத்தாளுவோம்.

1. களம்

செக் மக்கள் வாழ்ந்த பொஹீமியா, 1918 வரை ஹப்ஸ்பேர்க் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. இன்று ‘பில்ஸ்னர்’ என உலகெங்கும் அறியப்படும் பியர், 1842இல் அந்நாட்டின் பில்சென் நகரிலேயே முதன்முதலாக வடிக்கப்பட்டது. பியர் அங்கு செல்வரின் ஆடம்பரப் பானமன்று. தொழிலாளி, கைவினைஞன், எழுதுவினைஞன், சிறு வியாபாரி ஆகியோரின் அன்றாடப் பானம் அது. ஆகவே பகலில் வெவ்வேறு வேலைத்தலங்களிலே பிரிந்துகிடந்தோர் மாலையில் ஒரே மேசையைச் சுற்றிக் கூடும் இடமாகத் தவறணை அமைந்தது. பேரரசின் இராணுவத்திலே கட்டளை மொழி ஜேர்மன். தவறணை மேசையில் வழங்கியதோ வசைச்சொல்லும் பழமொழியும் கலந்த பேச்சுச் செக். உத்தியோகபூர்வ மொழிக்கும் வாழ்வு மொழிக்கும் இடையே இருந்த இவ்விடைவெளி முக்கியமானது. ஏனெனில், அதிகாரத்தின் சொற்களை வாழ்வின் சொற்களாக மொழிபெயர்க்க முற்படும்போதே ஹஷெக்கின் நகைச்சுவை பெரும்பாலும் பிறக்கிறது.

ஆனால் தவறணை சுதந்திரமான களமாக இருக்கவில்லை. இராசநிந்தனையும் இராசத்துரோகமும் கடுந்தண்டனைக்குரிய குற்றங்கள். சாதாரண உடையிலே வந்து ஒரு குவளை பியருடன் அமர்ந்து, அருகிலுள்ளோரின் வாயைக் கிளறும் பொலிஸ் உளவாளி அக்களத்தின் நிரந்தர அங்கத்தவன். இடைக்காலச் சந்தையிலும் திருவிழாவிலும் ஒலித்த மக்கள் சிரிப்பைப் பற்றி ருஷ்ய அறிஞர் மிகயீல் பக்தின் 1965இல் வெளிவந்த தமது ரபலே பற்றிய நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். அச்சிரிப்புக்குத் திருவிழாக் காலம் என்ற ஓர் அனுமதி இருந்தது. ஹஷெக்கின் தவறணைச் சிரிப்புக்கோ அத்தகைய அனுமதி எதுவும் இல்லை. இவ்வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது.

இக்களத்தை ஹஷெக் வெளியே நின்று நோக்கியவரல்லர். ஆசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்து, இளமையிலேயே தந்தையை இழந்து, மருந்துச் சரக்குக் கடையிலே வேலை பழகி, பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கதைகள் எழுதியும் நாய் விற்றும் பிழைத்தவர் அவர். 1911இல் நடைபெற்ற தேர்தலின்போது, பிராக் நகரின் வினொஹ்ராடிப் பகுதித் தவறணையொன்றிலே நண்பர்களுடன் கூடி, ‘சட்டத்தின் வரம்புக்குட்பட்ட மிதமான முன்னேற்றக் கட்சி’ என்ற பெயரில் ஒரு கேலிக் கட்சியை அவர் தொடங்கினார். வீட்டுக் காவலாளரைத் தேசியமயமாக்குதல் அக்கட்சியின் கோரிக்கைகளுள் ஒன்று. ஆளுவோர் மனங்கோணாதபடி அங்குலம் அங்குலமாகச் சீர்திருத்தம் கேட்ட அன்றைய கட்சிகளின் நா அசைவைச் சிறிதளவே மிகைப்படுத்தி, அதன் வெறுமையை அக்கேலி அம்பலப்படுத்தியது.

2. ‘எந்த ஃபேர்டினண்ட்?’

நாவல் 1914 யூன் 28இல் சரயேவோவில் நிகழ்ந்த கொலையுடன் தொடங்குகிறது. முடிக்குரிய இளவரசர் ஃபேர்டினண்ட் கொல்லப்பட்ட செய்தியை வீட்டுவேலை செய்யும் பெண் வந்து கூறுகிறாள். மூட்டு வலிக்கு முழங்காலில் மருந்து தேய்த்துக்கொண்டிருக்கும் ஷ்வெய்க், எந்த ஃபேர்டினண்ட் என்று வினவுகிறான். அவனுக்கு அப்பெயருடைய இருவரைத் தெரியும். ஒருவன் மருந்துச் சரக்குக் கடையில் வேலை செய்பவன். ஒருமுறை தலைக்குப் பூசும் எண்ணெயைத் தவறுதலாகக் குடித்துவிட்டவன். மற்றவன் தெருவிலே நாய் மலம் பொறுக்கிப் பிழைப்பவன். இருவரில் எவர் இறந்தாலும் பெரிய நட்டமில்லை என்பது ஷ்வெய்க்கின் கணிப்பு.

இந்நகைச்சுவை இயங்கும் முறையை நோக்குவோம். அரண்மனையின் வரலாற்றில் ஃபேர்டினண்ட் ஒருவரே. ஷ்வெய்க்கின் தெருவில் அப்பெயருடையோர் பலர். எதிர்ப்பு வாசகம் ஒன்றேனும் இல்லாமலே பேரரசின் வரிசைமுறை தலைகீழாகிவிடுகிறது. நாவல் முழுவதும் இதே உத்தி தொடர்கிறது. எவரேனும் ‘தாயகம்’, ‘கடமை’, ‘பேரரசர்’ என்ற பொதுச்சொற்களை உச்சரித்தவுடன் ஷ்வெய்க் ஒரு கதையை ஆரம்பிக்கிறான்: இன்ன ஊரில் இன்ன பெயருடைய தச்சன் ஒருவன் இருந்தான், அவனுக்கும் மனைவிக்கும் ஒருநாட் சண்டை வந்தது… ஊர், தெரு, தொழில், கடன், வழக்கு, மாமியார், களவுபோன கோழி என்று கதை விரியும். எங்கு போய் முடியுமென்று கேட்பவருக்குத் தெரியாது. சொல்பவனுக்கும் தெரியுமா என்பது ஐயமே.

இக்கிளைக்கதைகளை நாவலின் அமைப்புக் குறைபாடு எனக் கருதுவது தவறு. அவை தவறணை மேசையின் பேச்சு ஒழுங்கை அப்படியே தழுவியவை. ஒருவர் தம் துன்பத்தைச் சொல்ல, அடுத்தவர் அதனிலும் விசித்திரமான துன்பம் ஒன்றைச் சொல்லுவதே அவ்வொழுங்கு. தனிமனித இடுக்கண் இவ்வாறு எல்லோர்க்கும் பொதுவான அனுபவமாக மாறுகிறது. மேலும், நேரடியாக எதையும் கூறாது சுற்றிவளைத்துப் பேசுவது உளவாளியின் முன்னிலையில் ஒரு பாதுகாப்பு. தச்சன் கதைக்காக எவரையும் சிறையிலடைக்க முடியாதல்லவா? அச்சம் பேச்சை அடக்கிவிடவில்லை. அதற்கு ஒரு வடிவத்தைக் கொடுத்தது.

3. மௌனத்தின் தோல்வி

பேசினால் ஆபத்து என்றால் வாய் மூடியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றலாம். ‘உ கலிஹா’ தவறணையின் முதலாளி பலிவெட்ஸ் அத்தகையவன். அரசியல் தனக்கு வேண்டாம், பியருக்குக் காசு கொடுப்பவன் எவனாயினும் தனக்கு வாடிக்கையாளனே என்பது அவன் கொள்கை. உளவாளி பிரெட்ஷ்னைடர் எவ்வளவோ தூண்டியும் அவன் அகப்படவில்லை. ஈற்றில், சுவரில் முன்பு மாட்டியிருந்த பேரரசரின் படம் எங்கே என்று அவன் கேட்கிறான். ஈக்கள் எச்சமிட்டபடியால் அதனைக் கழற்றிப் பரணில் வைத்துவிட்டதாகப் பலிவெட்ஸ் உண்மையைக் கூறுகிறான். அவனுக்குக் கிடைத்தது பத்தாண்டுச் சிறை.

ஷ்வெய்க்கும் உடன் கைதாகிறான். சிறைக்கூடத்தில் அவனுக்கு முன்பே அறுவர் இருக்கின்றனர். ஐவர் சரயேவோச் செய்தி தொடர்பாகப் பிடிபட்டோர். அவர்களுட் பெரும்பாலோர் தவறணையிலோ கோப்பிக் கடையிலோ வைத்துக் கைதானவர்கள். ஆறாமவன் மட்டும் ஒதுங்கி அமர்ந்திருக்கிறான். அவன்மீதுள்ள குற்றச்சாட்டு, கொள்ளையிடுவதற்காக ஒருவரைக் கொல்ல முயன்றமை மட்டுமே. அரசியற் குற்றவாளிகளுடன் சேர்ந்திருந்தால் தன்மீது வீண் சந்தேகம் விழுமென அவன் அஞ்சுகிறான்! அரசின் பார்வையிலே குற்றங்களின் தராதரம் எவ்வாறு அமைந்திருந்தது என்பதை ஓர் ஆய்வு நூல் பல அத்தியாயங்களிற் சொல்லக்கூடும். ஹஷெக்குக்கு அச்சிறைக்கூடத்தின் ஒரு மூலை போதுமாயிருந்தது.

இவ்வச்சம் தலைநகருக்கு மட்டும் உரியதன்று. நாவலின் இரண்டாம் பாகத்தில், தன் படைப்பிரிவைத் தேடித் தென்பொஹீமியாவின் சிற்றூர்களூடாக நடந்துசெல்லும் ஷ்வெய்க்கை, புட்டிம் என்ற ஊரின் பொலிஸ் சார்ஜன்ட் ருஷ்ய ஒற்றனெனக் கருதிப் பிடிக்கிறார். தகவலாளர்களை நியமிக்குமாறு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தமையால், ஊரின் புத்தி குறைந்த மாட்டிடையனையே அவர் ஏற்கெனவே சம்பளத்துக்கு அமர்த்தியுள்ளார். அன்றிரவு சார்ஜன்ட் அளவுக்கு மீறிக் குடித்து, ருஷ்ய இளவரசர் ஒருவரே செக் நாட்டுக்கு அரசராவார் என உளறிவிடுகிறார். மறுநாட் காலையில் அவரைப் பீதி கவ்வுகிறது. அப்பேச்சைக் கேட்டிருந்த வேலைக்காரக் கிழவியை அழைத்து, மெழுகுதிரிகளுக்கு நடுவே சிலுவையை வைத்து, எவருக்கும் சொல்வதில்லையென்று சத்தியம் வாங்குகிறார். ஒட்டுக்கேட்பதையே தொழிலாகக் கொண்டவன் தன் பேச்சை ஒருத்தி ஒட்டுக்கேட்டுவிட்டாளென்று நடுங்குகிறான். அடக்குமுறை இயந்திரத்தின் கீழ்நிலைச் சக்கரங்களும் அதே அச்சத்திலேயே சுழன்றன என்பதை இக்காட்சி புலப்படுத்துகிறது.

4. எல்லைகள்

இதுவரை கூறியவற்றைக் கொண்டு தவறணைச் சிரிப்பே புரட்சியென முடிவுகட்டுதல் பேதைமையாகும். அச்சிரிப்பு பலிவெட்ஸைச் சிறையிலிருந்து மீட்கவில்லை. போருக்குப் போகும் புகையிரதங்களை நிறுத்தவுமில்லை. அதிகாரத்தின் சொற்கள் பொய்யென அது அறிகிறது. அவ்வறிவைச் செயலாக மாற்றும் அமைப்பு எதனையும் அது தன்னளவிலே தோற்றுவிப்பதில்லை. ஹஷெக்கின் வாழ்க்கையே இதற்குச் சான்று. 1915இல் ருஷ்யரிடம் போர்க்கைதியான அவர், 1918இல் போல்ஷெவிக்குகளுடன் இணைந்து, செஞ்சேனையில் அரசியற் பணியாற்றிய பின்னர், 1920 இறுதியிலேயே பிராக் திரும்பினார். அடுத்த ஆண்டு லிப்னிட்சே என்ற சிற்றூரில், தவறணை ஒன்றிலேயே தங்கி நாவலைத் தொடர்ந்தார். அது முற்றுப்பெறுமுன் 1923 சனவரி 3ஆந் திகதி காலமானார். அமைப்பின் ஆற்றலை நேரிற் கண்டறிந்த ஒருவரே இச்சிரிப்பைப் பதிவுசெய்தார் என்பது கருதத்தக்கது.

இப்பிரச்சினையை பேர்தோல்ட் பிரெக்ட் மீண்டும் கையிலெடுத்தார். 1943இல் எழுதிய நாடகத்தில் ஷ்வெய்க்கையும் அவனது தவறணையையும் நாஸி ஆக்கிரமிப்புக் காலப் பிராக்குக்கு அவர் கொண்டுசென்றார். தப்பிப்பிழைக்கும் சாமர்த்தியம் எப்போது எதிர்ப்பாகிறது, எப்போது வெறும் ஒத்துப்போதலாகிறது என்ற வினாவை எழுப்பினார். அவ்வினாவுக்கு ஒரே விடை இருக்க முடியாது.

சோஷலிசத்தின் பெயரால் ஆட்சி நடந்த காலத்திலும் செக் தவறணைப் பேச்சு ஓயவில்லை என்பதை நேர்மையுடன் கூறவேண்டும். நிம்பூர்க் என்ற சிறு நகரின் பியர் ஆலையில் வளர்ந்த பொகுமில் ஹ்ரபால் (1914–1997), அந்நகர வாழ்வையும் தம் பெரியப்பா பெப்பினின் ஓயாப் பேச்சையும் இலக்கியமாக்கினார். 1964இல் வெளிவந்த அவரது நூலொன்று முழுவதும் ஒரே வாக்கியமாக அமைந்தது. அதுவும் ஒரு கிழவரின் பேச்சே. 1968இன் படையெடுப்புக்குப் பின்னர் 1970இல் அச்சிடப்பட்ட அவரது இரு நூல்கள் விநியோகத்துக்கு முன்பே அழிக்கப்பட்டன. மக்களின் பெயரால் ஆள்வோர் மக்களின் பேச்சுக்கு அஞ்சத் தொடங்கும்போது ஏதோ ஒன்று அடிப்படையிலேயே பிழைத்துவிட்டதென்பதை முற்போக்காளர் எவரும் மறுத்தல் கூடாது.

முடிவுரை

சிறு நகர மனிதனின் துன்பங்கள் பெரும்பாலும் ஆவணக்காப்பகங்களை அடைவதில்லை. அவை தவறணையிலும் தேநீர்க் கடையிலும் நகைச்சுவையாக உருமாறி, பேசப்பட்ட அன்றிரவே மறைந்துவிடுகின்றன. அவற்றுட் சிலவற்றுக்கேனும் எழுத்துருவம் கொடுத்தமை ஹஷெக்கின் சாதனை. அச்சிரிப்பைப் போற்றித் துதிப்பதோ, இழிந்ததென ஒதுக்குவதோ விமரிசகரின் பணியன்று. ஒரு சமுதாயத்திலே மக்கள் எதைப்பற்றிச் சிரிக்கிறார்கள் என்பதுடன், எவன் உள்ளே வந்தவுடன் அச்சிரிப்பு நின்றுவிடுகிறது என்பதையும் ஆராய வேண்டும். அச்சமுதாயத்திலே அதிகாரம் யார் கையில் இருக்கிறதென்பதை அறிவதற்கு அது ஒரு நம்பகமான வழியாகும்.